ஜீப்பின் அடியில் சத்தமா? டிஃப்ரன்ஷியலைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் வண்டி இறங்கும்போது பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மீண்டும் தொடங்குகிறது. இந்த மூன்று விவரங்களையும் இப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், பழுதைப் பாதி கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்வேன். பின்னால் ஏதோ சத்தம் என்று மட்டும் சொன்னால், கிரவுன்–பினியன் (ஆக்சிலின் நடுவே, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில் ஒன்றையொன்று கடித்துச் சுற்றும் பல்சக்கர ஜோடி) போய்விட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கும் அன்றே திறக்கப்படும்.

அதை அனுமதிக்காதீர்கள். கிரவுன் வீலும் பினியனும் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்க வேண்டும் என்பதைச் சின்னச் சின்ன ஷிம் தகடுகளும் பேரிங்கின் இறுக்கமும் தீர்மானிக்கின்றன. ஒருமுறை கலைத்துவிட்டால், நுண்ணிய இடைவெளியைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்துதான் மீண்டும் பொருத்த வேண்டும். அளக்காமல் கைப்பழக்கத்தில் மாட்டினால், நன்றாக இருந்த பல்லும் ஊளையிடத் தொடங்கும். எனவே ஹவுசிங்கைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மஹிந்திரா தார், பழைய ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

எஞ்சினின் விசை கியர்பாக்ஸ் வழியாக, அதை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து முன்னும் பின்னும் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் பினியனைச் சுற்றுகின்றன. பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள் இரண்டு பக்க ஆக்சில்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கின்றன.

இதில் புதியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஷாஃப்ட்டும் பினியனும் ஒரு வேகம். கிரவுன் வீலும் சக்கரமும் வேறொரு வேகம். ஆக்சில் விகிதம் 4 என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 4 சுற்றுச் சுற்றிவிடும். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சுற்றும், ஷாஃப்ட் 5 சுற்றும் சுற்றும். அந்த வேகத்தில் நொடிக்கு ஒன்று என்பதுபோல நிதானமாக 'டக், டக்' என்று வந்தால் சக்கரம், பிரேக் டிரம், ஆக்சில், கிரவுன் வீல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். எண்ண முடியாத அளவுக்கு அடுக்கடுக்காக வந்தால் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மூட்டான கிராஸ் ஜாயின்ட்டையோ பினியனையோ பாருங்கள். உங்கள் வண்டியின் சரியான விகிதம் கையேட்டில் இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தக் கணக்குக்கு ஈடான கருவி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

படி 2: டயரை விலக்குங்கள்

சேற்று டயர் மாட்டிய வண்டி தார்ச்சாலையில் இரையத்தான் செய்யும். டயர் சத்தம் சாலையின் பரப்பு மாறும்போது மாறும். ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் பெரிதாக மாறாது. சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் விஷயம் அங்கேயே முடிந்தது.

படி 3: ஓட்டிப் பார்ப்பது

தர்மபுரிக்காரர்களுக்கு இதற்கு வத்தல்மலைச் சாலை போதும். ஏறும்போது பல்லின் ஒரு முகத்தில் சுமை விழுகிறது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது மறுமுகத்தில் விழுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் அஞ்செட்டிச் சாலையின் ஏற்ற இறக்கங்களில் இதைச் செய்யலாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஏறும்போது மட்டும் ஊளை என்றால், பெரும்பாலும் கிரவுன்–பினியன் பற்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது கடிப்பு சரியில்லை. இறங்கும்போது மட்டும் என்றால், பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருக்கலாம். ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக்கொண்டே போகும் உறுமல் பேரிங்கின் சத்தம். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றிக் கிளச்சை விடும்போது ஒரே ஒரு 'டங்' கேட்டால் கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கலாம். மெதுவாகப் போகும்போது சீராகக் 'கீச் கீச்' என்றால் அதே ஜாயின்ட்டில் கிரீஸ் வற்றிவிட்டது. கிரானைட் குவாரித் தூசியில் ஓடும் வண்டிகளுக்கு இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

சமதளத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டும் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் எஞ்சினையோ சுமை ஏறும் பற்களையோ பாருங்கள். தொடர்ந்தால் பேரிங்கையும் டயரையும் பாருங்கள். ஆனால் தொப்பூர் கணவாயிலோ வேறு எந்த மலை இறக்கத்திலோ நியூட்ரலில் உருளவே கூடாது. தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது வளைவு. காலியான நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது எடை இடச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங்தான். நேராகப் போகும்போது அமைதி, மைதானத்தில் முழுவதுமாக வளைத்து வட்டமடித்தால் மட்டும் பின்னால் சத்தம் என்றால் ஸ்டார் பினியன்களைச் சந்தேகிக்கலாம். நேராகச் செல்லும்போது அவை தம்மைத் தாமே சுற்றிக்கொள்வதில்லை. வளைவில்தான் அவற்றுக்கு வேலை. அதே வட்டத்தில் முன்பக்கம் 'கடக் கடக்' என்று வந்தால் முன் ஆக்சிலின் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

பழுதல்லாத இரண்டு சத்தங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும் வண்டியை, அதே நிலையில் காய்ந்த தார்ச்சாலையில் வளைத்தால் ஸ்டீயரிங் கனக்கும், வண்டி குதிக்கும், லீவரும் சிக்கிக்கொள்ளும். முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதே காரணம். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடுபடும். இன்னொன்று, மஹிந்திரா தார் வண்டிகள் சிலவற்றின் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும்போது அது 'டக்' என்று பூட்டிக்கொள்வது அதன் இயல்பு.

படி 4: அடியில் படுத்துப் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கினால் ஸ்டாண்டின் மேல் இறக்கி வைத்த பிறகே அடியில் செல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் செல்லாதீர்கள். ஒரு சக்கரத்தைத் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பூட்டிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல் உள்ள வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

எஞ்சின் அணைந்து, கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இருபுறமும் முறுக்குங்கள். ஷாஃப்ட் அசைந்து, கிராஸுக்கு அந்தப்பக்கம் பினியனோடு சேர்ந்திருக்கும் முகப்பு அசையாமல் நின்றால் கிராஸ் தேய்ந்துவிட்டது. முகப்பும் சேர்ந்து கொஞ்சம் திரும்பினால் அது பற்களின் இடைவெளி; சிறிதளவு இருக்கத்தான் வேண்டும். இப்போது அந்த முகப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இங்கே துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. பக்கத்திலேயே ஆயில் சீல் கசிந்த ஈரமும் தென்படலாம்.

பிறகு ஸ்டாண்டில் நிற்கும் முன்சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங். மறையவில்லை என்றால் ஸ்டீயரிங் பக்க மூட்டுகள்.

படி 5: ஆயில் சொல்லும் சாட்சி

எப்போதும் நிரப்பும் மூடியை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கும்போது அடி மூடியைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டால், மறுபடி நிரப்ப வழியிருக்காது. விரலை விட்டுப் பாருங்கள். நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் இருக்க வேண்டும்.

அடி மூடியின் காந்தத்தில் குழைத்த விபூதியைப் போல மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகளோ பல்லின் துண்டோ கிடந்தால் அப்போதுதான் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஹவுசிங்கின் மேலுள்ள மூச்சுக்குழாய் மண்ணடைத்துக் கிடந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்து வருபவர்கள் அந்தக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு ஆயிலையும் பாருங்கள்.

பல ஆக்சில்களுக்கு ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கும். உங்கள் கையேட்டில் உள்ளதே முடிவு. அதே ஆயிலைக் கியர்பாக்ஸிலும் ஊற்றச் சம்மதிக்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில பழைய கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களைக் கெடுக்கும்.

சக்கரத்தின் சுற்றுக்கு ஒன்றாகப் பலத்த 'டங்' விழுகிறது, ஆயிலில் சில்லும் இருக்கிறது என்றால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். உடைந்த பல் சிக்கினால் பின்சக்கரங்கள் ஓடும்போதே இறுகிவிடும். கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் ஆபத்து. சக்கரம் சுற்றினால் கிரவுன் வீலும் சுற்றும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.