குளிர் ஊரில் குட்டி மீன் தொட்டி: எந்த மீன் வாங்கலாம்?

என் முதல் ஃபைட்டர் மீன் இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு ஜனவரி மாதம் செத்துப்போனது. இரண்டு நாளாகச் செட்டையை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. தீனி போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. நோய் என்று நினைத்து நீல மருந்து ஊற்றினேன், உப்புப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தால் 17 பாகை! தாய்லாந்துப் பக்கத்து வயல் தண்ணீரில் வாழ்ந்த வம்சம் அது. அதற்கு 25, 26 வேண்டும். "போத்தல்லயே வளரும் தம்பி" என்று சொல்லித் தந்த கடைக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பில் அறைச் சூடே 27க்கு மேல் இருக்கும். அங்கே கேட்ட பேச்சை அவர் இங்கே சொல்லியிருப்பார்.

அதனால் மலையில் இருப்பவர்கள் மீனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள்.

படி 1: மூன்று நாள் அளந்து பாருங்கள்

தொட்டியை வைக்கப்போகும் இடத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி, விடியற்காலை 5 மணிக்கும் பகல் 2 மணிக்கும் அளந்து எழுதுங்கள். நமக்கு முக்கியம் விடியற்காலைக் கணக்குதான். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும், அதைவிடச் சீக்கிரம் ஆறும்.

மலைநாடு என்று பொதுவாகச் சொன்னாலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரிது. கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், பதுளை 680. அட்டனும் பண்டாரவளையும் 1,200ஐத் தாண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் பிழைத்ததற்குக் காரணம் அந்தக் குளிர்தான். ட்ரவுட் சந்தோஷமாக இருக்கும் தண்ணீரில் சூடு தேடும் நியோன் டெட்ரா மீன் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையிலும் 23க்குக் கீழே இறங்கவில்லையா? சரி, உங்களுக்குக் கவலை குறைவு. இறங்கினால் ஹீட்டர் வேண்டும். வெதுவெதுப்பான ஊரில் லீற்றருக்கு ஒரு வாட் போதும். நம் பக்கம் இரண்டு வாட் என்று கணக்குப் போடுங்கள். 50 வாட் ஹீட்டர் நாள் முழுக்க நிற்காமல் எரிந்தாலும் 1.2 யூனிட்தான். தானாக நிற்கும் வகை என்பதால் அவ்வளவும் போகாது.

தொட்டியின் பின்பக்கத்திலும் அடியிலும் ரெஜிஃபோம் துண்டு வையுங்கள், மேலே மூடி போடுங்கள். கரண்ட் போன இரவில் ஒரு பழைய கம்பளியைச் சுற்றிவிட்டால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்ட பிறகு தொடுங்கள். ஹீட்டரின் சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.

படி 2: லீற்றரைக் கணக்கிடுங்கள்

நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லீற்றர். 45 × 25 × 25 என்றால் 28 லீற்றர். கல்லும் மண்ணும் போட்ட பிறகு 24, 25 மிஞ்சும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளமுள்ள 6, 7 லீற்றர்ப் பெட்டியை மேசையில் வைக்க அழகாக இருக்கும், ஆனால் அதில் மீன் விடாதீர்கள். செடி வையுங்கள்.

படி 3: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பைப் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில துளி விடுங்கள். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரின் தொல்லை இருக்காது. ஆனால் மேலே தேயிலைக்கு மருந்து அடித்த நாட்களிலும் பெருமழைக்கு அடுத்த நாளும் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, நம் மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. சவர்க்காரம் கொஞ்சம் போட்டாலே நுரை பொங்குகிறதே, அதுதான் அடையாளம். டெட்ராவுக்கும் ஃபைட்டருக்கும் அது பிடிக்கும். கப்பிக்கும் மொலிக்கும் அவ்வளவு பிடிக்காது, அவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாத்தளை, திகன போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் இருப்பவர்களுக்குக் கப்பி தானாக வளரும். மற்றவர்கள் சிப்பி ஓட்டை நொறுக்கி, கழுவி, ஒரு துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் போடலாம்.

படி 4: இப்போது மீன்

25 லீற்றர் தொட்டி, ஹீட்டர் இருக்கிறது என்றால் நான் முதலில் சொல்வது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர். ஒன்றுதான். இரண்டு ஆணை விட்டால் பேருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். அது மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கும் மீன். கண்ணாடி ஓரமாக முகத்தை வைத்துப் பாருங்கள், மெல்ல ஏறி ஒரு குமிழை விழுங்கிவிட்டு இறங்கும். மூடி இல்லாத தொட்டியில் அது குடிப்பது நம் மார்கழிக் குளிர்க்காற்று. மூடி போட்டால் மேலே நிற்கும் காற்றும் கதகதப்பாக இருக்கும்.

கூட்டமாகப் பார்க்க ஆசை என்றால் எம்பர் டெட்ரா ஆறு அல்லது ஏழு. இரண்டு சென்ரிமீட்டர்தான், அடுப்புத் தணல் நிறம். கப்பி வேண்டுமென்றால் ஆண் மட்டும் நான்கு. ஒரு பெண்ணைச் சேர்த்தாலும் மாதாமாதம் குஞ்சு. ஏற்கெனவே ஆணோடு இருந்த பெண், பிறகு தனியாக இருந்தாலும் சில மாதம் ஈன்றுகொண்டே இருக்கும்.

தொட்டி 2 × 1 × 1 அடி, அதாவது 55 லீற்றர் அளவு என்றால் செர்ரி பார்ப் எட்டு வாங்குங்கள். நம் நாட்டு மீன், இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லாதது. ஆண் சிவக்கும்போது பார்த்தால் வெளிநாட்டு மீன் எதற்கு என்று தோன்றும். ஓடையில் பிடிக்கப் போகாதீர்கள், பண்ணையில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

ஹீட்டரே வேண்டாம் என்கிற நுவரெலியாக்காரர்களுக்கு வைட் கிளவுட். சீனாவின் குவாங்சோ பக்கத்து மலை ஓடை மீன், நான்கு சென்ரிமீட்டர், 16 முதல் 22 பாகையில் நன்றாக இருக்கும். துறுதுறுவென்று நீந்தும், அதனால் 40 லீற்றராவது இருந்தால் நல்லது. கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கக் கூடாதவை: கோல்ட் ஃபிஷ் குளிர் தாங்கும் என்பது உண்மை, ஆனால் ஒரு சாணுக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். ஏஞ்சல் உயரமாக வளரும். டைகர் பார்ப் மற்ற மீனின் செட்டையைக் கடிக்கும். 'டேங்க் கிளீனர்' என்று தரும் சக்கர் மீன் ஒரு அடியைத் தாண்டும். பெரிதானதும் ஆற்றில் விடுகிறார்கள், அங்கே அது வேறு தலைவலி.

படி 5: காத்திருந்து, கொண்டுவந்து, விடுங்கள்

ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் துளித் தீனி போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் மீன் இல்லாமல் வையுங்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா வளர அவ்வளவு நாள் எடுக்கும், குளிரில் இன்னும் மெதுவாக. ஆகவே ஹீட்டரையும் போட்டு வையுங்கள். பரிசோதனைத் துளி மருந்தில் அமோனியாவும், அது மாறி வரும் இன்னொரு நஞ்சான நைட்ரைட்டும் பூச்சியம் காட்டியதும் கடைக்குப் போகலாம்.

கொழும்பிலிருந்து கொண்டுவந்தால் பையில் காற்றை விறைக்க அடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், கடுகண்ணாவை மலை ஏறும்போதே சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பத் தொடங்கும். ரெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்து, பஸ் ஜன்னலோரத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, அப்புறம் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் போகட்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் குரோட்டன் செடிக்கு ஊற்றலாம். அன்றைக்கு லைட்டை அணைத்துவிட்டு, தீனி போடாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு எழும்பி வெப்பமானியைப் பாருங்கள்.