ஷூவில் பனி கட்டினால்: குளிர் பைப் சப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் போன்ற இடங்களில் மைனஸ் 162 டிகிரி திரவம் ஓடும் பைப்பை வெறும் இரும்பு ஷூவில், அதாவது பைப்பைத் தாங்கும் காலில், உட்கார வைக்க முடியாது. இரும்பு வழியே வெளிச்சூடு நேராக உள்ளே போய்விடும். அதனால் பைப்புக்கும் கிளாம்புக்கும் நடுவே அடர்த்தியான பாலியூரிதேன் ஃபோம் வைத்த கோல்ட் ஷூ போடுகிறோம். பார்க்கச் சாதாரண சாமான். கெடுப்பதும் சுலபம்.

ஃபோம் சூட்டைத் தடுத்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கடலோரக் காற்றின் ஈரத்தை யார் தடுப்பது? அது வேப்பர் பேரியரின், அதாவது ஈரம் புகாத உறையின், வேலை. லைன் இன்சுலேஷனும் ஷூவும் சேரும் இடத்தில் அது விரல் அகலம் விட்டுப்போனாலும் ஈரம் உள்ளே புகுந்துவிடும். நான் பார்த்த ஒரு பிளான்டில், வரிசையாக இருந்த ஷூக்களில் ஒன்றில் மட்டும் இளநீர்க் காய் அளவுக்குப் பனி. மேலே மூடியிருந்த கிளாடிங் தகட்டைப் பிரித்தோம். கீழ்ப்பக்க போல்ட்டுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் ஈரத்தை அடைக்கும் மாஸ்டிக் பூச்சே பூசவில்லை. நனைந்த ஃபோம் உறைந்து வெடித்திருந்தது. திரவ நைட்ரஜன் லைனில் இது இன்னும் மோசம். மைனஸ் 196 டிகிரியில் உள்ளே நுழையும் காற்றே திரவமாகிவிடும். அதில் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும். எரியக்கூடிய ஃபோமில் அது ஊறுவது விளையாட்டல்ல.

அடுத்தது சுருக்கம். ஸ்டெயின்லெஸ் பைப் மைனஸ் 162-க்குப் போகும்போது மீட்டருக்குச் சுமார் 3 மி.மீ. சுருங்கும். பைப்பை அசையாமல் பிடித்திருக்கும் ஆங்கரிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஷூ 15 செ.மீ. நகரும். பீமின் நடுவே அழகாக வைத்துவிட்டு வந்தால், பைப்பைக் குளிரவைக்கும் கூல்டவுன் அன்று ஷூ பீம் விளிம்பில் தொங்கும். டிராயிங்கில் ஆஃப்செட் (தள்ளிவைக்க வேண்டிய அளவு) கொடுத்திருந்தால் ஆங்கருக்கு எதிர்ப்பக்கம் அதைத் தள்ளி வையுங்கள். பெயின்டருக்கும் சொல்லிவையுங்கள்: நழுவ வேண்டிய டெஃப்லான் பிளேட்டுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு.

போல்ட்டிலும் கவனம் வேண்டும். குளிரில் ஃபோம் இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும், பிடி தளரும். அதை ஈடுகட்டத்தான் கிண்ணம் போல வளைந்த டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்கள். தொலைந்துவிட்டது என்று சாதா வாஷர் போடுவது ஒரு தவறு. இருக்கிறதை நன்றாக இறுகட்டும் என்று தட்டையாகும்வரை முறுக்குவது இன்னொன்று. அளவோடு முறுக்க டார்க் ரெஞ்சை எடுங்கள்.

ஃபோமின் அடர்த்தியையும் பார்த்து எடுக்க வேண்டும். கன மீட்டருக்கு 160 கிலோ, 320 கிலோ, 500 கிலோ எல்லாமே பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாங்கும் சுமை வேறு. ஹைட்ரோ டெஸ்ட் (பைப்பில் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிப்பது) உண்டா என்றும் முன்பே கேளுங்கள். எல்.என்.ஜி.யின் எடை தண்ணீரில் பாதிகூட இல்லை. ஓடும் திரவத்துக்கு மட்டும் கணக்குப் போட்ட ஷூ, தண்ணீர் நிரப்பிய அன்று நசுங்கலாம்.

வந்த சாமானை மழையிலும் வெயிலிலும் போட்டு வைக்காதீர்கள். பக்கத்தில் வெல்டிங் பாக்கி இருந்தால், முடியும்வரை ஷூவைக் கட்டாதீர்கள். உள்ளே கருகிய ஃபோம் வெளியே தெரியாது.