பிள்ளை பெற்ற பிறகு நர்சிங் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணம், குழந்தை, பத்து வருட இடைவெளி எல்லாம் தாண்டி நர்சிங் படிக்கக் கிளம்பும் பெண்கள் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து படிக்க வேண்டும், மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் பணமும் வருடமும் பறிபோகிற இடங்கள் வேறு.

ஓராண்டு 'நர்சிங்'கில் சேர்வது

'பத்தாம் வகுப்பு பாஸ் / ஃபெயில், ஓராண்டு நர்சிங், 100% வேலை உறுதி.' பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் இந்த விளம்பரங்களுக்கு அதிகம் மயங்குவது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்தான். மூன்று, நான்கு வருடம் வீட்டை விட்டுப் போய்வர முடியாது, ஒரு வருடம் என்றால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கு கவுன்சிலில் செல்லாது. தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யும் அடிப்படைப் படிப்புகள் மூன்றே: இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், தாதியர்), மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், தாதியர் டிப்ளமோ), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்திருந்தால்தான். பதிவு இல்லாதவர் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கும் விண்ணப்பிக்க முடியாது. தனியார் மருத்துவமனையில் உதவியாளர் வேலைதான் கிடைக்கும். சீருடை ஒன்றுபோல இருக்கலாம், சம்பளம் ஒன்றாக இருக்காது.

இதைவிட எரிச்சலூட்டுவது, அந்த ஓராண்டு எதிலும் சேராது என்பது. ஜி.என்.எம். படிக்க வேண்டுமென்றால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். 34 வயதில் நகையை அடகு வைத்து, இதுபோலவே அங்கீகாரமில்லாத இரண்டாண்டு 'டிப்ளமோ'வில் சேர்ந்து, 36-இல் சான்றிதழோடு கவுன்சிலுக்குப் போய், பட்டியலில் அந்த நிறுவனமே இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதற்குள் ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டுக்கும் வயது கடந்திருக்கும்.

விளம்பர வாசகங்களை நம்ப வேண்டாம். 'அரசுப் பதிவு பெற்றது' என்றால் பெரும்பாலும் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிர்வாகத் தரச் சான்று. நர்சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'மத்திய அரசுச் சான்றிதழ்' உண்மையாகவே திறன் பயிற்சிச் சான்றாக இருக்கக்கூடும், ஆனால் அது உதவியாளருக்கானது. உதவியாளர் வேலை தாழ்ந்ததல்ல. சில மாதங்களில் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் தெரிந்தே அதில் சேரலாம். நர்ஸ் ஆவோம் என்று நம்பி, நர்சிங் கட்டணம் கட்டி அதில் சேரக் கூடாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்திலும் மாநிலக் கவுன்சிலிலும் நிறுவனத்தின் பெயர், ஊர், படிப்பு, கல்வியாண்டு நான்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே அறக்கட்டளை அங்கீகாரமுள்ள பி.எஸ்சி. கல்லூரியையும், அதே வளாகத்தில் அங்கீகாரமற்ற ஓராண்டுப் படிப்பையும் நடத்தும். பெயர்ப்பலகை ஒன்றாகவே இருக்கும். பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் சரிபாருங்கள். ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்றால் 'முடித்ததும் ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்), ஆர்.எம். (பதிவு பெற்ற தாதியர்) பதிவு கிடைக்கும்' என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும். கடன் தேவையில்லை என்றாலும் வங்கியில் கல்விக் கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அங்கீகாரமில்லாத படிப்பு என்றால் மேலாளர் அங்கேயே கைவிரிப்பார். இதெல்லாம் முடியும்வரை அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், பாதியில் விலகும்போது முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி அதையே பிடித்து வைப்பார்கள்.

வயது

ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டிலும் சேர உச்ச வரம்பு 35.

பிளஸ் டூவில் அறிவியல் இல்லை என்று ஒதுங்குவது

பி.எஸ்சி. நர்சிங்குக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். வணிகவியல் படித்தவரும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் 40 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் ஜி.என்.எம். சேரலாம். பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தால் பட்டமும் வந்துவிடும்.

இனிஷியலை அலட்சியம் செய்வது

பத்தாம் வகுப்புச் சான்றில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். சேரும்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்; கவுன்சில் பதிவின்போதும் வெளிநாட்டு வேலைக்கு ஆவணம் சரிபார்க்கும்போதும் வந்து நிற்கும். சான்றிதழில் உள்ள பெயரிலேயே விண்ணப்பித்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிடுவது எளிது. புதிய பெயர்தான் வேண்டும் என்றால் முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுவிடுங்கள்.

வருகைப் பதிவை வகுப்போடு முடித்துக்கொள்வது

பி.எஸ்சி. தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் கைக்கு வர, ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் 100 சதவீதம் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குழந்தைகள் வார்டில் நான்கு நாள் விட்டால், அந்த நாலு நாளையும் பிறகு ஈடுசெய்தாக வேண்டும். அதே வார்டுப் போஸ்டிங் முடிவதற்குள் பொறுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஈடுசெய்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் விடுமுறை முழுக்க அதற்கே போய்விடும். கடைசிப் பருவத்தில் வாரம் 48 மணி நேரம், 22 வாரம் இன்டர்ன்ஷிப். அப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போதாது. அந்த ஒருவருக்கும் உடம்புக்கு முடியாமல் போகும்.

கணக்கை ஒத்திப்போடுவது

உயிரியலைப் புரட்டிப் புரட்டிப் படிப்பார்கள், வகுத்தலில் தடுமாறுவார்கள். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் இறங்கும் குழாய் (செட்) ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் என்றால்: 500 × 20 ÷ 240 = நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. 60 சொட்டு மைக்ரோ செட்டாக இருந்தால் 125. எந்த செட் என்று பார்க்காமல் சொட்டை எண்ணுவது முதலாண்டில் வழக்கமாக நடக்கும் பிழை.

அம்மாக்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: பாராசிட்டமால் சிரப்பை 'அரை மூடி' என்று அளப்பது. 10 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.; 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி. தான். வார்டில் மூடிக் கணக்கு இரட்டை டோஸில் போய் முடியும்.

தடுப்பூசியைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ்: முதல் நாள், 1-ஆம் மாதம், 6-ஆம் மாதம். முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு (மி.லி.க்கு மில்லி சர்வதேச யூனிட் கணக்கில்) 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தவறிக் கையில் குத்திக்கொண்ட பிறகு தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும். சேருவது என்று முடிவான வாரமே முதல் டோஸைப் போட்டுவிடுங்கள், ரசீதை அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.