கோள்களின் வெப்பநிலையைக் கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சூரியனுக்கு அருகில் உள்ள கோள் சூடாக இருக்கும், தொலைவில் உள்ளது குளிர்ந்திருக்கும்" என்ற ஒற்றை வரியோடு பாடத்தைத் தொடங்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்த வரி முழுப் பொய் அன்று; ஆனால் அது மனத்தில் குடியேறிவிட்டால் பிறகு சொல்லும் எதற்கும் இடம் கொடுப்பதில்லை. சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதனில் பகல் வெப்பம் ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ். இரவிலோ மைனஸ் 180 வரை இறங்கிவிடுகிறது. அதைவிடத் தொலைவில் உள்ள வெள்ளியில் இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல். இத்தனைக்கும் வெள்ளியின் மேகங்கள் சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

பருவங்களைப் பற்றிய குழப்பமும் இந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், அதாவது மார்கழிப் பனியில் நாம் போர்த்திக்கொண்டு எழும் நாள்களில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், ஆனி மாதத்தில். இதை வாயால் சொல்வதைவிட, பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டுக் காட்டுவதே மேல். தஞ்சாவூரில் சித்திரை பிறந்த சில நாள்களில், பகல் 12.15ஐ ஒட்டி, குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். மார்கழி முதல் வாரத்தில் அதே நேரத்தில் நிழல் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் நீளும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் கதிர்களும் சாய்ந்து விழுகின்றன என்பதை, அந்த நிழலை அளந்த பிள்ளை மறப்பதில்லை.

இதைவிட ஆழமான தவறு, வரவை மட்டும் கற்பித்துச் செலவை விட்டுவிடுவது. கோள் வெப்பத்தைப் பெறுகிறது என்று படம் வரைகிறோம். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை ஓயாமல் வெளியேற்றுகிறது என்பதைச் சொல்வதில்லை. டெல்டாப் பிள்ளைகளுக்கு இதை விளக்கக் குளம் ஒன்று போதும். வாய்க்காலிலிருந்து ஒரே அளவில் நீர் வந்துகொண்டிருக்க, வடிகால் மதகில் ஒரு பலகையைக் கூடுதலாகச் செருகினால் நீர்மட்டம் உயரும். பலகைக்கு மேல் வழிந்து, வெளியேறும் நீர் உள்ளே வரும் நீருக்குச் சமமாகும்வரை உயர்ந்து, பிறகு நின்றுவிடும். வரத்து கூடவில்லை, மட்டம் மட்டும் கூடியிருக்கிறது. கரியமில வாயுவும் நீராவியும் மீத்தேனும் காற்றில் செய்வது ஏறத்தாழ இந்தப் பலகையின் வேலையைத்தான். அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இன்றுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரியாக இருக்கும்.

வாயுக்கள் செய்யும் இந்தப் பலகை வேலைக்கு வழங்கும் 'பசுமை இல்ல விளைவு' என்ற சொல்லை விளக்காமல் கடந்து செல்வதும் தவறு. 'பசுமை' என்றதும் மரம், செடி, குளிர்ச்சி என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். நான் கேட்ட ஒரு வகுப்பில் பாதிப் பேர் அதை நன்மை தரும் மரவளர்ப்புத் திட்டம் என்று எழுதியிருந்தார்கள். செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கூடம் சூடாவது பெரும்பாலும் சூடான காற்று வெளியேற முடியாததால், வளிமண்டலம் சூடாவது வாயுக்கள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதால் என்ற வேறுபாட்டையும் உடனே சேர்க்க வேண்டும். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வேறு சிக்கல். அதையும் இதையும் ஒரே பாடவேளையில் நடத்தாமல் இருப்பது நல்லது.

வாயுவின் சதவீதத்தை மட்டும் சொல்லி அளவை விட்டுவிடுவோரும் உண்டு. செவ்வாயின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயுதான். ஆனால் அந்தக் காற்றின் அழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாததால் செவ்வாய் உறைந்து கிடக்கிறது.

மீத்தேனைக் கரும்பலகையில் எழுதுவதோடு நிறுத்தாமல், நீர் தேங்கிய சம்பா வயலுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம். சேற்றில் காலை அழுத்தியதும் மேலே வரும் குமிழ்களில், காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிரிகள் உண்டாக்கிய மீத்தேன் இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண்ணைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் கட்டும் வயலில் அது ஏன் குறைகிறது என்று அங்கேயே கேட்டால், வேளாண் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியருக்கு முன்பாகவே பதிலைத் தொட்டுவிடுவார்கள்.