கார்த்திகையில் வெட்டு, பங்குனியில் மொட்டு: வீட்டு மல்லிகையும் உடன் பூப்பவையும்

பங்குனி பிறந்ததும் நர்சரிகளில் மொட்டோடு நிற்கும் குண்டுமல்லிச் செடிகள் வரிசைகட்டும். வாங்கி வந்து மாடியில் வைத்தால் இருக்கிற மொட்டெல்லாம் ஒரு வாரத்தில் பூத்து முடியும். அதன்பிறகு செடி வெறும் இலையாகவே நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவோம், இலை இன்னும் செழிக்கும், பூ வராது. பல வீடுகளில் நடப்பது இதுதான்.

கோடையில் பூக்கும் பல்லாண்டுச் செடிகளுக்கு அதற்கு முன்னால் ஓர் ஓய்வுக்காலம் வேண்டும். மல்லிக்கு அந்த ஓய்வைக் கத்தரியால் தருகிறோம், காகிதப்பூவுக்குத் தாகத்தால் தருகிறோம், சிவப்புப் பந்தாக விரியும் மே மாதப் பூவுக்கு உலர்ந்த மண்ணில் உறக்கமாகத் தருகிறோம். மூன்றில் மல்லிக்குத்தான் வேலை அதிகம், அதனால் அதை விரிவாகப் பார்ப்போம்.

கவாத்து எப்போது

குண்டுமல்லி புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய முற்றிய கிளை எத்தனை நீளமாக இருந்தாலும் அதனால் பூ வராது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிளைகளை வெட்டிப் புதுத் தளிரை வரவழைக்க வேண்டும். இந்த வெட்டுதான் கவாத்து. தமிழ்நாட்டில் இதற்கு உரிய காலம் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரம். வெட்டி மூன்று மாதத்தில் மாசிக் கடைசியில் மொட்டு தெரியும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் அந்த வாரம் அடைமழை இருந்தால் மழை விடும்வரை பொறுங்கள். ஈரம் சொட்டும்போது வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் இறங்கிக் கிளை மேலிருந்து கீழாகக் காயும்.

எல்லா மல்லிக்கும் ஒரே நாள் அல்ல. ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்ய வேண்டும். முல்லையைக் குண்டுமல்லியோடு சேர்த்துக் கார்த்திகையிலேயே வெட்டிவிடுவது பலர் செய்யும் தவறு.

வெட்டும் முறை

தரையில் இருக்கும் செடிக்குக் கவாத்துக்கு முன் 10 நாள் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டிச் செடிக்கு 4 அல்லது 5 நாள் போதும், அதற்குமேல் விட்டால் வேர் காய்ந்துவிடும். இலை லேசாகத் தளர்ந்து, வளர்ச்சி அடங்கியிருக்கும் நிலையே வெட்டுவதற்கு ஏற்றது.

புதர் பெரிதாக இருந்தால் ஒரு கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டால் வெட்டுவது சுலபம். தரைச் செடியை மண்ணிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில், சுமார் ஒன்றரை அடியில் வெட்ட வேண்டும். தொட்டிச் செடியை ஓர் அடி விட்டு வெட்டலாம். கத்தரியின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கணுவுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். பிறகு கயிற்றை அவிழ்த்து உள்ளே பாருங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, பூ வைக்காமல் சாட்டை போல நெடுநெடுவென்று போகும் நீர்ப்போத்து எல்லாவற்றையும் தூரோடு எடுத்துவிடுங்கள். கடைசியில் ஐந்திலிருந்து எட்டு நல்ல கிளைகள் நிற்கட்டும். அவற்றில் மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்து மனம் பதறும், ஆனால் இப்படி மொட்டையடித்த செடிதான் ஒரே சீராகத் துளிர்க்கும். பென்சிலைவிடத் தடித்த வெட்டுவாய்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள்.

அடுத்து மண். தூரிலிருந்து அரை அடி தள்ளி, சுற்றிலும் 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிட்டு இரண்டு மூன்று நாள் வெயில் பட விடுங்கள். தரைச் செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு மண் அணைத்துத் தண்ணீர் கட்டவும். ரசாயன உரம் இடுபவர்களுக்கான அளவு: வளர்ந்த செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 120 கிராம். இதைக் கவாத்துக்குப் பின் பாதியும் ஆனி, ஆடியில் பாதியுமாகப் பிரித்து இட வேண்டும். ஒரு தடவைக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்கு வரும்.

இந்த அளவைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். தரைச் செடியின் வேர் விலகிப் போக இடம் உண்டு, தொட்டியில் இல்லை. வேர் வெந்து, ஓரிரு நாளிலேயே இலை ஓரம் கருகும். 12 அங்குலத் தொட்டிக்கு மண்புழு உரம் அரை கிலோ, வேப்பம் புண்ணாக்கு 50 கிராம், எலும்புத் தூள் 50 கிராம் போதும்.

கார்த்திகையைத் தவறவிட்டவர்கள் தை பாதிவரை லேசாக வெட்டலாம். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள், பூ சில வாரம் தள்ளிப்போகும். பங்குனி வெயிலில் மொட்டையடிக்கவே கூடாது. நிழல் தர இலை இல்லாமல் கிளையின் பட்டை வெயிலில் வெந்துவிடும்.

துளிரிலிருந்து மொட்டு வரை

மூன்று வாரத்தில் கணுக்கணுவாகத் துளிர் வரும். அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் ஒரு போத்து இரண்டாகும், பூவும் அந்த அளவுக்குக் கூடும். மாசி பிறந்தபின் கிள்ளாதீர்கள், அப்போது கிள்ளினால் மொட்டும் சேர்ந்து போகும்.

வெயில்தான் எல்லாவற்றுக்கும் மேல். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படாத இடத்தில் எந்த உரமும் உதவாது. வடக்குப் பார்த்த பால்கனியில் மல்லி வைத்து ஏமாறுவதைவிட, வெயில் வரும் படிக்கட்டு ஓரத்தில் ஒரே ஒரு தொட்டி வைப்பது மேல்.

மொட்டு தெரிந்ததும் கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுக்கலாம். 50 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். கலக்காமல் அப்படியே ஊற்றினால் வேர் அழுகும், எறும்பும் சேரும். இதையே வாராவாரம் ஊற்றினால் தழைச்சத்து மிஞ்சி மறுபடி வெறும் இலைதான்.

தண்ணீரை விரலால் பார்த்து ஊற்றுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். சித்திரையில் மாடித் தொட்டிக்குக் காலையும் மாலையும் தேவைப்படும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்து, வெயில் படும் பக்கத்தில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். மேல்மண்ணில் தேங்காய் மட்டைத் துண்டுகளையோ சருகையோ பரப்பினால் மண் சூடாகாது. இதைச் செய்யாத மாடிகளில்தான் மொட்டு மணி அளவிலேயே கருகி உதிர்கிறது.

மொட்டு முழுதாகப் பருத்து வெளுத்தபின், விடியற்காலையில் பறியுங்கள். அன்று மாலை கட்டிய சரத்தில் அது விரியும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த காம்புக்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து நறுக்கிவிட்டு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால், ஐந்து வாரத்துக்குள் அடுத்த சுற்று வரும். பங்குனி முதல் ஆனிவரை இப்படி மூன்று சுற்று எடுக்கலாம். முதல் சுற்றோடு நின்றுவிடும் செடிகளில் பெரும்பாலும் இந்தச் சின்ன வெட்டைத்தான் யாரோ மறந்திருப்பார்கள்.

மொட்டு ஊதாவாக மாறினால்

பூத்து வாடிய மல்லி இளஞ்சிவப்பாக மாறுவது இயல்பு. விரியாத மொட்டு ஊதா நிறமானால்தான் பூச்சி. ஒரு மொட்டைப் பிய்த்துப் பாருங்கள். இதழில் வட்டமான ஓட்டையும் உள்ளே பச்சைப் புழுவும், மொட்டுகளைச் சேர்த்துப் பின்னிய நூலும் இருந்தால் அது மொட்டுப்புழு. ஓட்டையே இல்லாமல் மொட்டின் அடி மட்டும் வீங்கி, உள்ளே மிகச் சிறிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் மருந்து கைதான். கெட்ட மொட்டுகளைத் தினமும் பறித்து, உதிர்ந்தவற்றையும் பொறுக்கி, பாலிதீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை கிளம்பும். மண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு கலப்பதும் அதைத் தடுக்கத்தான். தெளிக்க வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்கவும். மொட்டு பட்டாணி அளவாகும் முன்பே தொடங்கி வாரம் ஒருமுறை தெளித்தால்தான் பலன். புழு உள்ளே போனபின் மேலே எதை அடித்தும் பயனில்லை.

இலையில் மஞ்சள் புள்ளி தூவியது போல இருந்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட வெயிலில் பெருகும். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். வெயில் உச்சியில் அடிக்க வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம். இரண்டிலும் இலை கருகும்.

நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளிறினால் இரும்புச் சத்துக் குறை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை கூடி, இருக்கிற இரும்பையும் வேர் எடுக்க முடியாமல் போகிறது. பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள், தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும் என்பதால் தொட்டியைத் தள்ளி வைத்து அடியுங்கள். இட்லிப்பூச் செடி வெளிறினாலும் இதே வைத்தியம்தான்.

புதிதாக வைப்பவர்கள் ராமநாதபுரம் குண்டுமல்லி என்று கேட்டு வாங்குங்கள். அந்த மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வேர்பிடித்த நாற்றுகள் மதுரை உட்படப் பல ஊர்களுக்குப் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தத் தோட்டங்களுக்கும் நாற்று வருவது இங்கிருந்துதான். தொட்டிக் கலவை செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு.

காகிதப்பூ

இதற்குக் கவனிப்பு கூடினால் பூ குறையும். நாம் பூ என்று சொல்லும் வண்ணமெல்லாம் பூவடி இலைகள்தான், உண்மையான பூ நடுவில் உள்ள சின்ன வெள்ளைக் குழல். தை முதல் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளும்வரை பொறுத்துப் பிறகு நன்றாக ஊற்றவும். மறுபடி துவளும்வரை ஊற்ற வேண்டாம். இப்படி நாலைந்து முறை செய்தால் நுனியெங்கும் மொட்டு வைக்கும். மொட்டு வந்தபின் தாகத்தில் விடக் கூடாது, உதிர்ந்துவிடும். பெரிய தொட்டிக்கு அடிக்கடி மாற்றுவதும் பூவைத் தள்ளிப்போடும், வேர் நெருக்கத்தில் இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். பூ உதிர்ந்ததும் நுனியில் ஓர் அடி வெட்டுங்கள்.

மே மாதப் பூ

ஃபுட்பால் லில்லி என்றும் சொல்வார்கள். வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து இலைக்கு முன்பே ஒற்றைத் தண்டு எழும்பி, உச்சியில் சிவப்புப் பந்து விரியும். ஆண்டுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வாரம் மட்டும். அந்த ஒரு வாரத்துக்காகவே இதை வளர்க்கலாம், அத்தனை அழகு.

மார்கழியில் இலை மஞ்சளாகிப் படுத்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்தி, தொட்டியை மழை படாத மூலையில் வைத்துவிடுங்கள். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், தொட்டிமேல் பெயர் எழுதி வையுங்கள். சித்திரை தொடக்கத்தில் மேல்மண்ணில் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் சேர்த்து ஒருமுறை நன்றாக நனைத்து, பிறகு மண் காயும்போது மட்டும் ஊற்றுங்கள். புதிதாக நடுவதானால் 8 அங்குலத் தொட்டியில், கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் தெரியும்படி. ஆழப் புதைத்தாலோ உறக்க காலத்தில் ஈரம் பட்டாலோ கிழங்கு அழுகும். காலை வெயிலும் மதியத்துக்குமேல் நிழலும் உள்ள இடம் ஏற்றது. கிழங்கு நஞ்சு, குழந்தைகளும் ஆடு மாடும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்து வாடியதும் தண்டை மட்டும் வெட்டுங்கள். பின்னால் வரும் அகன்ற இலைகளை இடத்தை அடைக்கிறது என்று கத்தரித்தால் அடுத்த மே மாதம் பூ இல்லை. கிழங்கு அந்த இலைகளால்தான் பருக்கிறது. மார்கழியில் தானாகக் காயும்வரை விட்டு, மாதம் ஒரு கைப்பிடி மக்கிய உரம் போட்டுவாருங்கள்.