சிறுநீர்ப்பை இறக்கம்: பரிசோதனையிலும் சிகிச்சையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவம், முதுமை, நாள்பட்ட மலச்சிக்கல், உடல் பருமன் ஆகியவற்றால் இடுப்புத் தளத்தின் தசைகளும் தாங்கு திசுக்களும் தளரும்போது, யோனியின் முன்சுவர் சிறுநீர்ப்பையோடு சேர்ந்து கீழே சரிகிறது. உறுப்பிறக்க வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதைக் கூச்சத்தால் பல ஆண்டுகள் மறைத்துவைப்பது தவறு. தெரியவந்த உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடத் துடிப்பதும் தவறு.

படுத்த நிலையில், முக்கச் சொல்லாமல் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவது பரிசோதனையில் அடிக்கடி நேரும் பிழை. காலையில் உள்ளடங்கியிருக்கும் இறக்கம் நெடுநேரம் நின்று வேலை செய்த பின் மாலையில் வெளியே தட்டுப்படும் இயல்புடையது என்பதால், நன்றாக முக்கச் சொல்லியும், அப்போதும் பெண் சொல்லும் தொல்லைக்கும் காண்பதற்கும் பொருந்தாவிட்டால் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். முன்சுவரோடு நின்றுவிடாமல் கர்ப்பப்பை, பின்சுவர் ஆகியவற்றின் நிலையையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஸ்கேன் இதற்கு மாற்றாகாது. சிறுநீர் கழித்த பின் எவ்வளவு தேங்குகிறது என்பதையும், முற்றிய இறக்கத்தில் சிறுநீரகங்கள் வீங்கியுள்ளனவா என்பதையும் அறியவே அது பயன்படும். மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இரத்தக்கசிவை 'இறங்கிய சதை உராய்ந்த புண்' என்று ஊகித்து விட்டுவிடுதல் ஆபத்தானது. புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும்.

தொல்லை தராத இறக்கத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. இடுப்புவலி முழுவதையும் அதன் மேல் சுமத்தி அறுவை செய்துகொண்டவருக்கு வலி அப்படியே நீடிப்பதும் உண்டு.

லேசான இறக்கத்துக்கு இடுப்புத் தளப் பயிற்சி பயன் தரும். ஆனால் பலர் தசையை உள்நோக்கி உயர்த்துவதற்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்குகின்றனர், இது தொல்லையைக் கூட்டும். பயிற்சியாளர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு, குறைந்தது 16 வாரங்கள் செய்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதையே அன்றாடப் பயிற்சியாக்கிக்கொள்ளக் கூடாது. பெசரி எனப்படும் சிலிக்கோன் வளையம் முதியோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் பிழையே. அதைப் பொருத்திவிட்டு மறந்துவிடுவதுதான் பெருந்தவறு: கவனிக்காமல் விட்ட வளையம் யோனிச் சுவரில் புண்ணையும், அரிதாகச் சிறுநீர்ப்பைவரை துளையையும் உண்டாக்கக்கூடும். தாமே கழற்றி மாட்ட இயலாதவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் சென்று கழற்றிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

அறுவையைப் பொறுத்தவரை, கர்ப்பப்பையை அகற்றினால் இறக்கம் தீரும் என்ற நம்பிக்கையே என் கருத்தில் மிகுந்த தீங்கு செய்வது. தளர்ந்திருப்பது தாங்கும் அமைப்பே. யோனியின் மேல்முனையை உறுதியாகக் கட்டி நிறுத்தாவிட்டால் கர்ப்பப்பை போன பின் அந்த முனையே இறங்கிவரும். தளர்ந்த சுவரைத் தாங்க யோனி வழியாகச் செயற்கை வலை பதிக்கும் முறையில் சிக்கல்கள் பெருகியதால், முன்சுவர் இறக்கத்துக்கான அத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. இறக்கம் சிறுநீர் வெளியேறும் குழாயை மடக்கிவைத்திருப்பதால் மறைந்திருக்கும் சிறுநீர்க் கசிவு, அறுவைக்குப் பின் இருமும்போது வெளிப்படலாம். ஆகவே இறக்கத்தை உள்ளே தள்ளிவைத்து இருமச் சொல்லி முன்கூட்டியே சோதிப்பதும், முடிவைப் பெண்ணிடம் விளக்குவதும் அறுவைக்கு ஒப்புதல் பெறுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.