மலைத் துப்பாக்கி வாங்கியதும் முதலில் கையைக் கட்டுங்கள்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். முதல் படத்தில், கிழக்கு டென்னசியில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் அவர் எடுத்த நீளத் துப்பாக்கி. வறுத்த காப்பிக்கொட்டை நிறம், உடம்பெல்லாம் பழுப்பு, அவ்வளவு அழகு. இரண்டாவது படத்தில் அதே துப்பாக்கி எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. “எப்படிண்ணா இருக்கு?” என்று கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு அரை நாள் ஆனது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான், அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் ஏது?

கிழக்கு டென்னசி, வட கரோலினாவின் மேற்கு மலைகள், வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை, ஜார்ஜியாவின் வடக்கு என்று அப்பலாச்சிய மலைத்தொடரின் தெற்குப் பக்கத்துக் கொல்லர்கள் செய்த துப்பாக்கிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற வகை. டென்னசியில் பீன் குடும்பம், வட கரோலினாவின் மில்ஸ் ரிவர் பக்கம் கில்லெஸ்பி குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ரசீது வாங்குங்கள், விலை விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தேய்ப்பது

நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்து வளர்ந்த கை இது. பழைய உலோகம் கருத்திருந்தால் அதை அழுக்கு என்றுதான் மனசு சொல்லும். என் முதல் மலைத் துப்பாக்கியை 1,400 டாலருக்கு வாங்கி வந்த அன்று இரவே கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். குழலின் எட்டுப் பட்டையும் வெள்ளையாகிற வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் கட்டைக்கு ஒரு கோட் வார்னிஷ் வேறு. காலையில் பார்த்தபோது பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் அதை ஒரு முதியவரிடம் காட்டினேன். அரை நூற்றாண்டாக இவற்றை வாங்கி விற்றவர். டார்ச்சைக் குழலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மேல் பட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். அங்கே ஒரு வளைந்த கோடு இருந்தது. எழுத்து ஒன்றின் அடிவால். இந்த மலைக் கொல்லர்களில் பலர் கையெழுத்தே போடவில்லை. போட்டவர்களிலும் பலர் மேல் பட்டையில் இரண்டு மூன்று எழுத்தை மெல்லிசாகக் கீறியதோடு சரி. அந்தக் கீறல், நூற்றைம்பது வருடப் பழுப்புக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. கம்பி நாரில் போய்விட்டது. யார் செய்தது என்று சொல்ல முடியாத துப்பாக்கி ஆகிவிட்டது. அவர் எதுவும் திட்டவில்லை. நான் கொடுத்த விலையில் பாதி தருவதாகச் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கி.

பணத்தை விடுங்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது வேறு காரணத்துக்கு. அந்தப் பழுப்புதான் துப்பாக்கியின் ஜாதகம். குழலும் தகடும் பூணும் ஒரே மாதிரி கருத்திருந்தால் அவை சேர்ந்தே வயதானவை. ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அது பிறகு வந்தது. பற்றுத்துளையை, அதாவது வெளித் தீ குழலுக்குள் போகிற சின்ன ஓட்டையைச் சுற்றிக் குழல் அரித்துக் குழிந்திருந்தால், அங்கே மருந்து வருடக்கணக்காக எரிந்திருக்கிறது. கன்னம் வைக்கிற இடத்தில் கட்டை வழவழப்பாகக் கருத்திருப்பது வேட்டைக்காரரின் வியர்வையும் எண்ணெயும். இதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு ‘இது அசல்’ என்று எதைக் காட்டிச் சொல்வது? ரசாயனம் போட்டுத் திரும்பப் பழுப்பாக்கலாம் என்பார்கள். கண் பழகியவர்களுக்கு அந்தப் பூச்சு தூரத்திலிருந்தே தெரியும். அசலைக் கெடுத்ததோடு, ஏமாற்றப் பார்க்கிறோமோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

சரி, என்னதான் செய்வது? மென்மையான பருத்தித் துணி, துளி மெஷின் எண்ணெய். செம்மண் மாதிரி உதிர்கிற புதுத் துரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெயை நாலைந்து நாள் ஊறவிட்டு, பழைய ஒரு சென்ட் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். 1981 வரை வந்த காசுகள் பெரும்பாலும் செம்புதான், இரும்பைவிட மென்மை. கட்டைக்கு ஒன்றுமே வேண்டாம். கை அரித்தால் போய் வீட்டுப் பாத்திரங்களைத் தேயுங்கள்.

தகட்டில் இருக்கிற பெயரை நம்புவது

குதிரை, அதாவது அடிக்கிற சுத்தியல் மாட்டியிருக்கிற பக்கத் தகட்டில் ‘கோல்ச்சர்’, ‘கெட்லண்ட்’ என்று பெயர் இருந்தால், துப்பாக்கியைச் செய்தவரே அவர்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தகட்டோடு சேர்ந்த அந்தச் சுடும் பொறியைச் செய்தவர், அல்லது விற்றவர் பெயர் அது. கெட்லண்ட் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நிறுவனம். மலைக் கொல்லருக்குக் குழலை அடித்து எடுக்கத் தெரியும், கட்டையைச் செதுக்கத் தெரியும். நுணுக்கமான பொறியைப் பெரும்பாலும் கடையில்தான் வாங்கினார். தையல்காரர் பெயரைத் தெரிந்துகொள்ள சட்டைப் பொத்தானைப் பார்ப்பீர்களா?

பென்சில்வேனியாக் கண்ணால் பார்ப்பது

பென்சில்வேனியாத் துப்பாக்கியில் பித்தளைப் பூண், வெள்ளிப் பதிப்பு, கொடி கொடியாகச் செதுக்கல் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மலைத் துப்பாக்கி ஏழை வீட்டுப் பெண் மாதிரி தெரியும். பூணெல்லாம் இரும்பு. குழலின் வால், அதாவது பின்முனை இரும்புப் பட்டை, கட்டை மேல் நீண்டு, முனையில் குச்சி மிட்டாய் மாதிரி உருண்டிருக்கும். குண்டைச் சுற்றும் துணித்துண்டு வைக்கும் பெட்டி இருந்தால் அது வாழைப்பழம் போல் நீண்டு வளைந்த இரும்பு மூடியாக இருக்கும். பலவற்றில் பெட்டியே கிடையாது. அடிக்கட்டையில் ஒரு வட்டக் குழி மட்டும். குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவ மாட்டுக் கொழுப்பு வைத்த குழி அது.

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் குழியைப் பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்து மக்கு வைத்து அடைத்து, மேலே கலரும் அடித்துவிட்டார். கூடவே வெள்ளி நட்சத்திரம் ஒன்றும் பதிக்கச் சொல்லிக் கொல்லரிடம் கொடுத்திருந்தார். நல்ல வேளை, அந்தக் கொல்லர் பதிக்க மறுத்துவிட்டார்.

சக்கிமுக்கிக்குத் ‘திருப்பி’ மாற்றுவது

சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் உரசிப் பறக்கிற தீப்பொறிதான் மருந்தைப் பற்றவைக்கும். 1820களுக்குப் பிறகு, குதிரை அடித்தால் வெடிக்கிற செம்புக் கேப் பரவியது. அதன் பின் பல சக்கிமுக்கித் துப்பாக்கிகளைக் கேப் துப்பாக்கிகளாக மாற்றினார்கள். இன்றைக்குச் சந்தையில் சக்கிமுக்கிக்கு விலை அதிகம் என்பதால் சிலர் தலைகீழாக மாற்றுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மிஞ்சியிருக்கும் மலைத் துப்பாக்கிகளில் நிறைய, பிறந்ததே கேப் துப்பாக்கியாகத்தான். அதில் சக்கிமுக்கியை மாட்டுவது எதையும் திருப்பித் தருவதில்லை, புதுசாக ஒரு பொய்யைச் சேர்க்கிறது.

உண்மையில் மாற்றப்பட்டது என்றால், தகட்டில் பழைய மருந்துக் கிண்ணமும் வில்லும் இருந்த இடத்தில் பெரும்பாலும் அடைத்த துளைகள் இருக்கும். துளையே இல்லாத தகடு என்றால் அது முதலிலிருந்தே கேப்புக்காகச் செய்தது. அப்படியே விட்டுவிடுங்கள்.

கிங்ஸ் மவுண்டன் கதையை விலை கொடுத்து வாங்குவது

அமெரிக்க விடுதலைப் போரில், 1780 அக்டோபர் 7 அன்று மலை தாண்டி வந்தவர்கள் பிரிட்டிஷ் தரப்பு மேஜர் ஃபெர்குசனின் படையைக் கிங்ஸ் மவுண்டன் குன்றில் முறியடித்தார்கள். ஒரு மணி நேரச் சொச்சச் சண்டை. ‘இது அந்தச் சண்டையில் இருந்த துப்பாக்கி’ என்று விற்பவர்கள் சொல்கிற கணக்கைக் கூட்டினால், அந்தக் குன்றில் ஆளுக்கு நாலு துப்பாக்கி இருந்திருக்க வேண்டும். கேப் துப்பாக்கியாகவே பிறந்த ஒன்றை இந்தக் கதையோடு என்னிடமே விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

குழல் குட்டை என்று கழிப்பது

கழிக்காதீர்கள். அடிப்பக்கம் அரித்துப் போனதும் அறுத்துத் திரும்பப் பொருத்துவதும், குழலுக்குள் குண்டைச் சுழற்றுகிற வரிகள் தேய்ந்தால் மறுபடி வெட்டிக்கொள்வதும் அந்தக் காலத்தில் அன்றாட வேலை.

சட்டம்

1898 அல்லது அதற்கு முன் செய்தது என்றால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

காலியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது

கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இது. தாத்தா கெட்டித்து வைத்த துப்பாக்கி பேரன் காலம் வரை அப்படியே சுவரில் தொங்கும். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடமானாலும் வெடிக்கும். குழலின் வாய்க்கு நேரே எதுவும் வராமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு மரக்கோலை அடிவரை விட்டு, வாயோடு சமமாக ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, கோட்டை வாயோடு பொருத்திக் குழலின் மேல் கிடத்துங்கள். முனை பற்றுத்துளைக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்களே நோண்டாமல் தெரிந்த கொல்லரிடம் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பி கோலை விட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். தேய்த்து முடித்த பிறகு பார்த்தாராம். முனை ஒன்றேகால் அங்குலம் முன்னாலேயே நின்றதாம்.